மஞ்சள் நூல் கட்டிய கேன்

அத்தியாயம் 5

"பேர் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

டாக்டர் அமிர்தா இதைக் கேட்பது மூன்றாவது தடவை. சந்திரமோகனும் மூன்றாவது தடவையாகக் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினான். பைக்குள் ஐந்து லிட்டர் பிடிக்கும் வெள்ளை கேன் ஒன்று. கழுத்தில் மஞ்சள் பட்டு நூல், ஒரே முடிச்சு. லேபிள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பசைத் தடம் மட்டும்.

"இதோட ஜாதகமே இவ்ளோதாங்க டாக்டர். எங்க ஆபீஸ்ல விசாரிக்கிற மாப்பிள்ளைங்க ஒரு பொய்ப் பேராவது வெச்சிருப்பாங்க. இதுக்கு அதுவும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் தங்கை ஜெயப்ரியா அலறிக்கொண்டிருந்தாள்.

ஜெயப்ரியாவுக்கு இருபத்து நான்கு வயது. சேவூர்ப் பக்கம் லோகநாதனின் பட்டுப்புடவை பாலிஷ் பட்டறையில் மூன்று வருடமாக வேலை. தறியிலிருந்து இறங்கிய புடவையில் உள்ள கறை, துரு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் எடுத்து, பளபளப்பேற்றி, மடித்துக் கடைகளுக்கு அனுப்பும் பட்டறை அது. இன்று காலை பதினொரு மணிக்கு இந்த கேனைச் சாய்த்து ஊற்றும்போது வலது கையில் கொட்டிவிட்டது. துணியில் துடைத்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். மதியம் தயிர்சாதம்கூடச் சாப்பிட்டாள். இரண்டு மணிக்கு விரல் நுனிகள் விண்ணென்று தெறிக்கத் தொடங்கின. நான்கு மணிக்குச் சந்திரமோகன் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்குள் ஓடிவந்தான்.

இதில் பயங்கரம் என்னவென்றால், கையில் ஒன்றுமே இல்லை. கொப்புளம் இல்லை, வெந்த தோல் இல்லை. வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் நான்கு விரல்கள் வெளிறியிருந்தன, அவ்வளவுதான். ஊசி குத்தினால்கூட முகம் சுளிக்காத பெண், அந்த விரல்களை வெட்டிப் போடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"தோலைத் தாண்டி உள்ள போய்கினே இருக்கு," என்றாள் டாக்டர். அவளும் சின்னப் பெண்தான், நெற்றியில் வியர்த்திருந்தது. "நெஞ்சுத் துடிப்பு நடுநடுவுல தப்புது. விஷத் தகவல் மையத்துக்கு போன் போட்டேன். அவங்க கேட்ட முதல் கேள்வியே, என்ன கெமிக்கல்? வேலூர் ஆம்புலன்ஸ் வர அஞ்சரை ஆகும். அதுவரைக்கும் இந்தத் துடிப்பு தாங்குமான்னு என்னால சொல்ல முடியல."

"முதலாளி அசிட்டிக் ஆசிட்னு சொல்றாரே," என்றாள் அனுபமா.

ஆரணியில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி ரகசியமாக விசாரிக்க விரும்புகிறவர்கள் எல்லோரும் ஏறி இறங்குகிற மாடிப்படி அனுபமாவின் துப்பறியும் அலுவலகத்துடையது. நாற்பத்து மூன்று வயது, பருத்திப் புடவை, குரலை உயர்த்தாத பேச்சு. சந்திரமோகன் அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்து நான்கு வருடம்.

"அசிட்டிக் இப்படிச் செய்யாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா நினைப்பை வெச்சு விரலுக்குள்ள ஊசி போட முடியாது மேடம். மருந்து மாறிப்போனா விரல் போயிடும். அதுக்கு மேலயும் போகலாம்."

நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, சிறு பிளாஸ்டிக் உறையைச் சந்திரமோகனிடம் நீட்டினாள். "கையில இருந்த வளையலுங்க. குழாய்ல நல்லா கழுவிட்டேன்." அவன் பார்க்காமலே அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மோகன்," அனுபமா அவனைச் சுவரோரம் ஒதுக்கினாள். "அசிட்டிக் புழங்கற அன்னிக்கு உன் தங்கச்சி வீட்டுக்கு வந்தா எப்படி இருப்பா?"

"ஊறுகாய் ஜாடி நடந்து வர்ற மாதிரி இருக்கும் மேடம். பஸ்ல பக்கத்து சீட்டு தானா காலியாயிடும்."

"இன்னிக்கு அவளைத் தூக்கிகினு வந்தியே. தலை உன் தோள்லதான இருந்தது?"

சந்திரமோகன் நினைத்துப் பார்த்தான். தேங்காய் எண்ணெய் வாசனை. வியர்வை. சோப்பு. வேறு எதுவும் இல்லை.

"வாசமே இல்ல மேடம்," என்றான். "அப்போ முதலாளி பொய் சொல்றாரா?"

"பொய் சொல்றாரோ, தெரியாமத்தான் சொல்றாரோ. ரெண்டாவதா இருந்தா இன்னும் ஆபத்து. மணி நாலே முக்கால். வண்டியை எடு. கேனை டாக்டர்கிட்டயே குடுத்துடு. யாரும் மூடியைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லு."

*

லோகநாதனின் பட்டறைக்குள் நுழைந்ததும் புளித்த நெடி மூக்கில் ஏறியது. சுவரோர அலமாரியில் இருபது, இருபத்தைந்து கேன்கள் வரிசையாக. சந்திரமோகன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். எல்லாம் மொட்டை. ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று கழுத்தில் பட்டு நூல் மட்டும்.

"இது இன்னா முதலாளி, கேனுக்கெல்லாம் காப்பு கட்டி வெச்சிருக்கீங்க?"

"மாஸ்டர் கட்டறதுப்பா." லோகநாதன் பருத்த மனிதர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். "மஞ்சள்னா அசிட்டிக். அலசற தண்ணியில கொஞ்சம் விட்டா பட்டு சரசரன்னு சத்தம் போடும். சிவப்புன்னா துரு மருந்து. இங்க எல்லாருக்கும் தெரியும்."

"லேபிள்?" என்றாள் அனுபமா.

"மாஸ்டர் கிழிச்சுடுவாரு மேடம். பாலிஷ்காரங்க எல்லாரும் அப்படித்தான். பேரோட வெச்சா, ஆறு மாசம் வேலை பாத்தவன் ஏழாவது மாசம் பக்கத்துத் தெருவுல போர்டு மாட்டிடுவான். இன்னா மருந்து, எவ்ளோ கலக்கணும்ங்கறதுதான எங்க பொழப்பே."

"இதுல எல்லாம் பேர் இருக்கணும், ஆபத்துன்னு படம் இருக்கணும், தொடறவங்களுக்கு அவங்க பாஷையில சொல்லித் தரணும். சட்டம் இருக்கு, தெரியுமா?"

"தெரியாம இன்னா மேடம்?" அவர் முகம் சற்றுத் தெளிந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து பச்சைக் கோப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். "ஒவ்வொரு கெமிக்கலுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள். இன்ஸ்பெக்டர் எப்போ வந்தாலும் ரெடியா இருக்கு."

அனுபமா புரட்டினாள். முத்திரை குத்திய தாள்கள், அழகான அட்டவணைகள். நான்கைந்து பக்கம் போனதும் நிறுத்தி, கோப்பைச் சந்திரமோகனிடம் தள்ளினாள்.

"கப்பலோட அடிப்பாகத்துக்கு அடிக்கிற பெயின்ட்," என்று அவன் படித்தான். "முதலாளி, ஆரணியில எந்தப் பக்கம் கப்பல் ஓடுது?"

"வேலூர்ல ஒருத்தர் எல்லாம் முடிச்சுக் குடுத்தாருப்பா..."

இந்தக் கட்டிடத்தில் உள்ள ஒரு சொட்டுக்கும் அந்தக் கோப்பில் ஒரு வரி கிடையாது. சந்திரமோகனுக்கு அதைக் கிழித்து அவர் வாயில் திணிக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதிலாக மெதுவாக மேஜைமேல் வைத்தான்.

"மாஸ்டர் எங்க?" என்றாள் அனுபமா.

"சடையப்பனா? ஜெயப்ரியாவுக்கு முடியலன்னு கேட்டதும் சட்டையை மாட்டிகினு கிளம்பிட்டாரு. போளூர் பஸ்ஸுக்குத்தான் போயிருப்பாரு."

*

பஸ் நிலையத்தில் போளூர் வண்டி பின்வாங்கிக்கொண்டிருந்தது. சந்திரமோகன் ஓடிப்போய்ப் படியில் தொற்றினான்.

"டிக்கெட்," என்றார் கண்டக்டர்.

"ஏற வரலைங்க. ஒருத்தரை இறக்க வந்திருக்கேன்."

கடைசி வரிசை ஜன்னலோரம் சடையப்பன் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, கையில் பை இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை. அவனைக் கண்டதும் எழுந்தார். தள்ளுமுள்ளு எதுவும் இல்லாமல் தானே இறங்கிவிட்டார்.

"நான் ஓடல மேடம்," என்றார் அனுபமாவைப் பார்த்ததும். "சந்தவாசல்ல அக்கா வீட்டுல ஒரு விசேஷம்."

"விசேஷத்துக்குப் பட்டறை ரப்பர் பூட்ஸோடவா போவீங்க?"

சடையப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மாஸ்டர், நீங்க கிழிச்ச லேபிள்ல இன்னா எழுதியிருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க," என்றான் சந்திரமோகன். "போலீசும் வேணாம், பேஜாரும் வேணாம். பேர் மட்டும்."

"தெரியாதுப்பா."

"மாஸ்டர்!"

"எம் புள்ளைங்க மேல சத்தியமா தெரியாது." அவர் குரல் உடைந்தது. "மத்த கேனெல்லாம் நான் கிழிச்சதுதான், ஒத்துக்கறேன். இது வரும்போதே மொட்டையாத்தான் வந்துச்சு. போன மாசம்தான் பலராமன்னு ஒரு ஏஜென்ட் புதுசா வந்தான். என் துரு மருந்து ரெண்டு மடங்கு பவர்னான். முந்தாநேத்து சாயங்காலம் துரு மருந்து ஒரு பெட்டி, அசிட்டிக் ஒரு பெட்டி இறக்கினான். லேபிள் எங்கடான்னு கேட்டேன். பேர் தெரிஞ்சா நீங்க நேரா கம்பெனியில வாங்கிடுவீங்களே மாஸ்டர்னு சிரிக்கிறான்."

சந்திரமோகன் தலையில் கைவைத்தான். வேலைக்காரர்களுக்குத் தெரியக் கூடாதென்று இவர் கிழிக்கிறார். இவருக்குத் தெரியக் கூடாதென்று அவன் கிழிக்கிறான். நடுவில் தன் தங்கையின் கை.

"அப்போ எதை வெச்சு மஞ்சள் நூல் கட்டினீங்க?" அனுபமா அவர் எதிரே குந்தி உட்கார்ந்து கேட்டாள்.

"எட்டு கேனும் ஒரே மாதிரி வெள்ளை. இடது பக்கம் நாலு துரு மருந்து, வலது பக்கம் நாலு அசிட்டிக்னு தனித்தனியா வெச்சுட்டு டீ குடிக்கப் போனேன். வந்து நூல் கட்டினேன். இன்னிக்கு அந்தப் பொண்ணு கத்தினப்புறம்தான் விசாரிச்சேன். நான் டீ குடிக்கப் போனப்ப, தள்ளுவண்டி போக வழி வேணும்னு கேனையெல்லாம் நகர்த்தி வெச்சாங்களாம்." அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "எந்தப் பக்கம் நகர்த்தினாங்கன்னு யாருக்குமே ஞாபகம் இல்ல மேடம்."

அனுபமா பலராமனின் எண்ணை வாங்கி அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான். அவள் விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

"கம்பெனி ரகசியம் மேடம். சொல்றதுக்கில்ல."

"ஒரு பொண்ணு செத்துகினு இருக்கா."

அவன் இணைப்பைத் துண்டித்தான். மறுபடி அழைத்தபோது போன் அணைந்திருந்தது.

மணி ஐந்து ஐந்து. சந்திரமோகனின் போனில் டாக்டரிடமிருந்து செய்தி வந்தது: இன்னொரு முறை துடிப்பு தப்பியிருக்கிறது, சீக்கிரம். அவன் அதை அனுபமாவிடம் காட்டினான்.

அவள் படித்துவிட்டுச் சடையப்பன் பக்கம் திரும்பினாள். "பெட்டின்னு சொன்னீங்களே. அட்டைப் பெட்டியா?"

"ஆமாங்க. பெட்டிக்கு நாலு கேன். சுத்தியும் பிரவுன் பேப்பர் ஒட்டியிருந்துச்சு."

"சுத்தியுமா?"

"ஒரு இண்டு விடாம."

"மோகன், கேன்ல ஒட்டின லேபிளை நகத்தால கிழிச்சுடலாம். அட்டைப் பெட்டி மேலேயே அச்சடிச்சதை எப்படிக் கிழிப்பான்? மேல பேப்பர் ஒட்டி மறைக்கத்தான் முடியும்." அவள் எழுந்துவிட்டாள். "மாஸ்டர், அந்தப் பெட்டி ரெண்டும் இப்போ எங்க?"

சடையப்பன் விழித்தார். "கிருஷ்ணம்மா எடுத்திருக்கும். புடவை மடிப்புக்குள்ள வைக்க, வர்ற பெட்டியையெல்லாம் அதுதான் அட்டை அட்டையா வெட்டும்."

*

கிருஷ்ணம்மாள் பட்டறையின் மடிப்புக்காரி. புடவை விறைப்பாக நிற்க, அளவாக வெட்டிய அட்டை ஒன்றை உள்ளே வைத்து, ஜரிகை கசங்காமல் மடிப்பது அவள் வேலை. நேற்று வெட்டிய அட்டைகள் எங்கே என்று கேட்டதும் அவள் வாசலைக் காட்டினாள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய பதினெட்டுப் புடவைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இறக்குங்க!" சந்திரமோகன் போட்ட சத்தத்தில் வண்டிக்காரர் மூட்டையைக் கீழேயே விட்டார்.

லோகநாதன் குறுக்கே வந்தார். "யப்பா, முகூர்த்தப் புடவைப்பா. மடிப்பு கலைஞ்சா மறுபடி முதல்லேர்ந்து..."

"நான் மடிச்சது. நானே கலைக்கறேன்," என்றாள் கிருஷ்ணம்மாள். முதலாளியைத் தோளால் தள்ளிக்கொண்டே போய் முதல் புடவையை உதறினாள். மயில் கழுத்து நிறப் பட்டு தரையில் விழுந்தது. அட்டை தனியே தெறித்தது.

அனுபமா எல்லோருக்கும் ரப்பர் கையுறை மாட்டச் சொன்னாள். ஈரத் துணியை வைத்து அழுத்தினால் பிரவுன் காகிதம் ஊறி வந்தது. முதல் அட்டையில் மேல் நோக்கிய அம்புக்குறி. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. அரக்குப் புடவை, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல் நிறம். தரை முழுதும் பட்டு. ஒரு கல்யாணக் கூட்டமே ஓடிப்போய்ப் புடவைகளை மட்டும் விட்டுச் சென்றதுபோல் இருந்தது அந்த இடம்.

ஆறாவது அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் பாதி மண்டை ஓடு.

சந்திரமோகனின் கை நின்றது. அடுத்த அட்டையில் அதன் மறு பாதி. அதற்கடுத்ததில் ஒரு படம்: சாய்ந்த குழாயிலிருந்து சொட்டு விழுகிறது, கீழே ஒரு கை அரித்துக் குழிந்துபோகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும் படம். இதன்மேல்தான் அவன் காகிதம் ஒட்டியிருக்கிறான்.

"பேர் எங்க? பேர் எங்க மேடம்?" சந்திரமோகன் அடுத்தடுத்த அட்டைகளைப் புரட்டினான்.

பேர் இருந்த பகுதியைக் கத்தி குறுக்காக வெட்டிவிட்டிருந்தது. மிச்சம் எந்தக் குப்பையில் போனதோ. ஆனால் ஒரு மூலையில் தடித்த எழுத்தில் நான்கு எண்கள் இருந்தன: 1790. பன்னிரண்டாவது புடவையிலிருந்து விழுந்த அட்டையில் வேறு நான்கு எண்கள்: 2789.

"இது போதும்," என்றாள் அனுபமா. "லாரியில போற எல்லா ஆபத்தான சரக்குக்கும் உலகம் முழுக்க ஒரே நம்பர். டாக்டருக்கு போன் போடு."

ஸ்பீக்கரில் டாக்டர் அமிர்தா விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "ரெண்டு ஏழு எட்டு ஒன்பது... அசிட்டிக் ஆசிட். ஒண்ணு ஏழு ஒன்பது பூஜ்யம்..." அவள் நிறுத்தினாள். "ஹைட்ரோஃப்ளூரிக். ஐயோ. தோல் வழியா இறங்கி, உடம்புல இருக்கிற கால்சியத்தை எல்லாம் பிடிச்சுக்கும். எலும்பு, அப்புறம் இதயம். மேடம், ரெண்டுல எது அவ கையில பட்டது?"

"மஞ்சள் நூலுங்க," லோகநாதன் முந்திக்கொண்டார். "மஞ்சள்னா அசிட்டிக்தான்!"

"நூல் மாறியிருக்கலாம் டாக்டர்," என்றாள் அனுபமா. "வாசம் இல்ல."

"கழுவினா வாசம் போயிருக்கலாம். எனக்கு உறுதியா வேணும். கேனைத் திறந்து பாக்க இங்க வசதி இல்ல."

அனுபமா மண்டை ஓட்டு அட்டையை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் சின்ன ஆங்கில எழுத்து. உதடுகள் அசைய மெதுவாகப் படித்தாள். பிறகு சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"கண்ணாடிப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். கண்ணாடியை அரிக்கும்." அவள் பார்வை அவன் சட்டைப் பைக்குப் போனது. "மோகன், நர்ஸ் குடுத்தது கண்ணாடி வளையலா?"

அவன் உறையை எடுத்து நீட்டினான். கையுறையோடு அனுபமாவே பிரித்தாள். ஆடி வெள்ளிக்கு வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையல்கள், ஆறு. ஒவ்வொன்றிலும் ஒரு பாதி கடையில் வாங்கிய அன்று இருந்த பளபளப்போடு மின்னியது. மறு பாதி மணல்தாளில் தேய்த்ததுபோல் மங்கி வெளுத்திருந்தது.

"டாக்டர்," அனுபமாவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "வளையலை அரிச்சிருக்கு. ஹைட்ரோஃப்ளூரிக்தான். ஊசி போடுங்க!"

*

அவர்கள் திரும்பியபோது அலறல் நின்றிருந்தது.

அந்த அமைதிதான் சந்திரமோகனைக் கொன்றது. வராந்தாவில் கால் பின்னிக்கொள்ள ஓடினான். கதவருகே நர்ஸ் அவன் தோளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. "உயிரோட இருக்குது, உயிரோட இருக்குது. மெதுவா."

ஜெயப்ரியாவின் விரல்கள் வெள்ளைக் களிம்புக்குள் புதைந்திருந்தன. இன்னொரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடு ஒரே சீராக ஏறி இறங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

"கால்சியம்," என்றாள் டாக்டர் அமிர்தா. அவள் கண்கள் சிவந்திருந்தன. அறை மூலையிலிருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினாள். "அங்கதான் இருந்துச்சு. எந்த ஆஸ்பத்திரியிலயும் இருக்கிற மருந்து. ஒன்றரை மணி நேரம் அது பக்கத்துலயே நின்னுகினு நான் பேர் தேடிகினு இருந்தேன்."

வேலூர் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றிருந்தது. துடிப்பு இன்னும் கொஞ்சம் நிலைப்பட்டதும் அனுப்பலாம் என்றாள். ஒரு விரல் நுனி மட்டும் சந்தேகம், நாளைக்குத்தான் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. அனுபமா மடியில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. சமணக் குடும்பத்தில் பிறந்த அவள் பொழுது சாய்ந்தபின் எதுவும் சாப்பிட மாட்டாள், இனி காலையில்தான். அதைச் சொல்லி வம்புக்கு இழுக்கச் சந்திரமோகனுக்கு வாய் வரவில்லை.

"அண்ணா." ஜெயப்ரியா கண்ணைத் திறந்திருந்தாள். உதடு வறண்டிருந்தது. "இன்னா, சும்மா நின்னுகினு இருக்க? நீ பேசாம இருந்தா எனக்கு பயமா இருக்குது."

"பேசறேன், பேசறேன்." கட்டிலோரம் உட்கார்ந்தான். "உன் கல்யாணத்துக்கு வெச்சிருந்த வளையல் பட்ஜெட்ல பாதி மிச்சம். ஒரு பக்கம்தான் மங்கியிருக்கு. மறு பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கலாம்."

"தூ," என்றாள். சிரிக்கப் பார்த்து அழுதாள். அவனும் அழுதான். நர்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அரைத்தூக்கத்தில் பேசுவதுபோல் அவள் சொன்னாள்: "அந்த பலராமன் சரக்கு இறக்கினப்ப நான் வாசல்ல நின்னுகினு இருந்தேண்ணா. எங்களுக்கு ரெண்டு பெட்டிதான் இறக்கினான். ஆட்டோவுல இன்னும் நாலு இருந்துச்சு. எல்லாத்துலயும் பிரவுன் பேப்பர்."

அனுபமா எழுந்து நின்றாள்.

லோகநாதனுக்கு போன் போனது. இந்த முறை அவர் மழுப்பவில்லை. பலராமன் சரக்குப் போடும் கடைகள் தனக்குத் தெரிந்து மூன்று என்றார். முதலாவது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. சந்திரமோகன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். நகர மனம் வரவில்லை.

"போண்ணா," என்றாள் அவள். "ஜல்தி போ. வேலூருக்கு என்கூட வர்றதுக்கு அம்மா வந்துகினே இருக்குது."

*

அது வீட்டின் முன்கூடத்திலேயே நடக்கும் சின்னப் பாலிஷ் கடை. டியூப்லைட் வெளிச்சத்தில் சந்தன நிறப் புடவை ஒன்றைப் பலகைமேல் விரித்து வைத்துக்கொண்டு, நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெள்ளை கேன், மொட்டை. பிளாஸ்டிக் மூடியில் கொஞ்சம் ஊற்றி, பஞ்சில் நனைத்து, ஆணித்துரு பட்ட இடத்தைத் தடவப் போனாள். கையில் உறை இல்லை.

"அக்கா, வேணாம்! கையை எடுங்க!"

பஞ்சு அந்தரத்தில் நின்றது. அவள் பயந்துபோய்ப் பார்த்தாள். "யாருங்க நீங்க?"

"அதைக் கீழ வைங்க. சொல்றேன். அது இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

"துரு மருந்துங்க. பேரெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க. மாஸ்டருக்குத்தான் தெரியும்."

"உங்க மாஸ்டருக்கும் தெரியாதுக்கா." சந்திரமோகன் படியேறி வந்தான். "ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்." எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னான். இன்னொரு முறையும் சொன்னான். "தோல்ல ஒண்ணும் காட்டாது. உள்ள எலும்பைத் தின்னும்."

அந்தப் பெண் பஞ்சை மெதுவாகப் பலகைமேல் வைத்தாள். பிறகு தன் வலது கட்டைவிரலை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அதன் நுனி வெளிறியிருந்தது.

"மத்தியானத்துலேர்ந்து இது மட்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க," என்றாள். "ஊசி ஏதும் குத்தியிருக்கும்னு விட்டுட்டேன்."

தெருவில் அனுபமா அதற்குள் ஸ்கூட்டரை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பி, பின்சீட்டைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.